சிராங்கூன் சாலையில் ஒரு மாளிகை இருந்தது: வாம்போவின் வீடும் நம் தோட்டத்து வீடும்

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் தேக்காவுக்குப் போகாமல் திரும்புவதில்லை. சாமான் வாங்கி, சாப்பிட்டு, வீரமாகாளியம்மன் கோயிலிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலிலும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். அதே சிராங்கூன் சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போனால் பூன் கெங் எம்ஆர்டி நிலையம் வரும். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். பெண்டமியர் சாலை என்று ஒரு பெயர்ப்பலகை. பக்கத்து வட்டாரத்துக்கு வாம்போ என்று பெயர்.

இந்த இரண்டு பெயர்களும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை. வீடுதான் இல்லை. 1964-ல் அது இடிக்கப்பட்டது.

அந்த வீட்டைக் கட்டியவர் ஒரு சீன வணிகர். அவருடைய வாழ்க்கைக்கும் பால்மரக் காட்டில் வளர்ந்த நம் குடும்பங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அது சிராங்கூன் சாலை வீட்டிலிருந்து வரவில்லை. அவர் கைவிட்டுப் போன வேறொரு நிலத்திலிருந்து வந்தது.

கடைப்பையனாக வந்தவர்

அவருடைய பெயர் ஹூ ஆ கே. 1816-ல் சீனாவின் கேன்டன் நகருக்கு அருகே உள்ள வாம்போ என்ற ஊரில் பிறந்தார். 1830-ல், மீசை அரும்பாத வயதில், சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். தெலுக் ஆயரில் அவருடைய தகப்பனார் கடை வைத்திருந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு இறைச்சி, ரொட்டி, காய்கறி கொடுக்கும் வியாபாரம். பையன் அந்தக் கடையில் கூடமாட வேலை செய்யத் தொடங்கினார்.

ஊர்ப் பெயரே ஆள் பெயராக ஒட்டிக்கொள்வது நம்மிடமும் உண்டு. அவருக்கும் அப்படித்தான் ஆனது. கடைக்கும் வாம்போ என்று பெயர், கடைக்காரருக்கும் வாம்போ என்று பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் தெரியாதவர்களுக்குக்கூட வாம்போ என்றால் தெரிந்தது.

தகப்பனாருக்குப் பின் தொழில் அவர் கைக்கு வந்தது. அவர் ஆங்கிலம் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் இருந்த சீன வணிகர்களில் அப்படிப் பேசக்கூடியவர்கள் மிகக் குறைவு. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் குத்தகை அவரிடம் இருந்தது. நேர்மையான கணக்கு, இனிமையான பேச்சு இரண்டும் சேர்ந்து அவரைக் கப்பல் அதிகாரிகளின் நண்பராக்கின. பிற்காலத்தில் துறைமுகத்துக்கே தன் பெயரைக் கொடுத்த கடற்படைத் தளபதி ஹென்ரி கெப்பல் அவருடைய நெருங்கிய சிநேகிதர்.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. 1854-ல் ஒரு வெள்ளைக்காரக் கூட்டாளியோடு சேர்ந்து ஆற்றங்கரையில் ஐஸ் கிடங்கு ஒன்றைத் திறந்தார். ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும். வெயிலில் வெந்த ஊர்தான் என்றாலும், வாங்குவதற்குப் போதிய ஆள் இல்லை. சில ஆண்டுகளிலேயே அந்த வியாபாரம் மூடப்பட்டது. ஆனால் மற்றத் தொழில்கள் அவரைத் தூக்கி நிறுத்தின.

எல்லாருக்கும் திறந்த தோட்டம்

சிராங்கூன் சாலை அப்போது ஊருக்கு வெளியே போகும் பாதை. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் போடப்பட்ட சாலைகளில் அதுவும் ஒன்று. அதன் ஓரத்தில் செங்கல் சூளைகளும் பின்னாளில் மாட்டுப் பட்டிகளும் வந்தன. நம்மவர்களும் அங்கே வேலை செய்து குடியேறினார்கள்.

1840-ஆம் ஆண்டு வாக்கில் வாம்போ, நகரிலிருந்து இரண்டரை மைல் தள்ளி அந்தச் சாலையில் பராமரிப்பில்லாமல் கிடந்த ஒரு தோட்டத்தை வாங்கினார். அங்கே தனக்கு ஒரு பெரிய வீடு கட்டினார். கேன்டனிலிருந்து தோட்டக்காரர்களை வரவழைத்தார். செடிகளை விலங்குகளின் உருவத்தில் கத்தரித்து வளர்த்தார்கள். தொட்டியில் அடங்கும் குட்டை மரங்கள், செயற்கைக் குன்றுகள், தாம்பாளம்போல் இலை விரிக்கும் பெரிய அல்லி மிதந்த குளம், பறவைகள், விலங்குகள் என்று அது ஊரே பேசும் தோட்டமாக ஆனது.

இந்த வீட்டுக்கு இரண்டு வகை விருந்தினர்கள் வந்தார்கள். ஒரு பக்கம் கடற்படைத் தளபதிகள், அதிகாரிகள், வெளிநாட்டுப் பிரமுகர்கள். அவர்களுக்கு வாம்போ மேசை போட்டு விருந்து வைத்தார். இன்னொரு பக்கம் ஊர் மக்கள். சீனப் புத்தாண்டு வந்தால் தோட்டத்தின் கதவு எல்லாருக்கும் திறந்துவிடப்படும். பணக்காரன், கூலிக்காரன் என்ற பேதமில்லாமல் குடும்பம் குடும்பமாக வந்து சுற்றிப் பார்த்தார்கள். பொழுதுபோக்குக்குப் பூங்காக்கள் இல்லாத காலத்தில் ஒரு தனிமனிதரின் வீட்டு முற்றம் ஊருக்குப் பூங்காவாக இருந்தது.

வீட்டுக்குள் வேறு ஒரு போராட்டமும் நடந்தது. வாம்போ தன் மகனைப் படிப்புக்காகக் கடல் கடந்து பிரிட்டனுக்கு அனுப்பினார். மகன் திரும்பி வந்தபோது சடையை வெட்டியிருந்தார். கிறிஸ்துவ மதத்திலும் சேர்ந்திருந்தார். வெள்ளைக்காரரோடு பழகினாலும் சீன உடையையும் சடையையும் விடாத தகப்பனுக்கு அது பெரிய அதிர்ச்சி. சடையைத் திரும்ப வளர்க்கச் சொல்லி மகனைச் சீனாவுக்கு அனுப்பிவைத்தார். பிள்ளை படிக்கவும் வேண்டும், கைவிட்டுப் போகவும் கூடாது என்ற பெற்றோரின் தவிப்பு நமக்கும் புதிதல்ல.

பதவிகளும் பட்டங்களும்

1869-ல் வாம்போ நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் சீனர் அவர். 1876-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு உயரிய விருது கொடுத்தது. ரஷ்யா, சீனா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளும் அவரையே சிங்கப்பூரில் தங்கள் தூதராக நியமித்தன. ஒரே சமயத்தில் மூன்று நாடுகளுக்குத் தூதராக இருந்தவர், கடைப்பையனாக வந்து இறங்கியவர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இப்படியாக, சிராங்கூன் சாலை வீடு வணிகரின் வீடாக மட்டுமில்லாமல் மூன்று அரசாங்கங்களின் வரவேற்பு மண்டபமாகவும் ஆனது.

1880 மார்ச் 27 அன்று வாம்போ காலமானார். அவருடைய உடல் சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறந்த ஊருக்கு எதிரே உள்ள தீவில் அடக்கம் செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தது சிங்கையில் என்றாலும், கடைசியில் போய்ச் சேர்ந்தது பிறந்த மண்ணுக்குத்தான்.

பெயர் மாறிய வீடு

மறு ஆண்டே வீடு கைமாறியது. வாங்கியவர் சியா லியாங் சியா. மிளகும் கேம்பியரும் பயிரிட்டுப் பெரும் செல்வம் சேர்த்த சியா யூ சின் என்பவரின் மகன். இவரும் பின்னர் சட்டமன்ற உறுப்பினரானார். வீட்டுக்கு பெண்டமியர் மாளிகை என்று புதுப் பெயர் வைத்தார். வாம்போ குடும்பத்தின் வீடு சியா குடும்பத்தின் வீடானது.

அடுத்த எண்பது ஆண்டுகளில் சுற்றியிருந்த ஊர் மாறியது. சாலை அகலமானது. சூளைகளும் பட்டிகளும் மறைந்தன. நகரம் நடந்து நடந்து அந்த வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும் இடத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வீடு கட்ட வேண்டிய காலம் வந்தது. 1964-ல் மாளிகை இடிக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. இன்று அங்கே வாழும் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன.

அது தவறு என்று சொல்லிவிட முடியாது. ஒரு மாளிகை போய், குடியிருக்க இடமில்லாத பலருக்குக் கூரை கிடைத்தது. ஆனாலும் அந்தக் குளம், அந்தச் செடிகள், புத்தாண்டில் பிள்ளைகள் ஓடிய அந்தப் பாதை எதுவும் மிஞ்சவில்லை. சாலைப் பலகையில் இரண்டு பெயர்கள் மட்டும் மிஞ்சின.

கைமாற்றிய நிலம்

இப்போது இன்னொரு நிலத்தின் கதைக்கு வருவோம்.

வாம்போவுக்குத் தங்ளின் பகுதியிலும் நிலம் இருந்தது. 1859-ல் சிங்கப்பூரில் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டு, ஒரு பொதுத் தோட்டத்துக்கு இடம் தேடியது. ராஃபிள்ஸ் காலத்தில் தொடங்கிய பழைய தோட்டம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. வாம்போ தம்முடைய தங்ளின் நிலத்தில் சுமார் 60 ஏக்கரை அரசாங்கத்துக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஆற்றங்கரையில் போட் கீயில் இடம் பெற்றுக்கொண்டார். இது தானம் அல்ல, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிலமாற்று. வியாபாரிக்கு ஆற்றங்கரைதான் தேவை. காடு மண்டிய தங்ளின் தேவையில்லை.

அந்த 60 ஏக்கரில் தொடங்கியதுதான் இன்றைய சிங்கப்பூர்ப் பூமலை. 2015-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது.

நம் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1877-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிரேசில் காட்டிலிருந்து எடுத்த விதைகளில் முளைத்தவை அவை. சில கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. மற்றவை பூமலையில் நடப்பட்டன. 1888-ல் ஹென்ரி ரிட்லி அங்கே இயக்குநராக வந்தார். மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, அடுத்த முறை அதே வெட்டின் விளிம்பில் மீண்டும் சீவினால் மரமும் பிழைக்கும், பாலும் வற்றாது என்று அவர் கண்டறிந்தார். காப்பி பயிரிட்ட துரைமார்களிடம் சட்டைப் பையில் விதையை வைத்துக்கொண்டு போய், ரப்பர் போடுங்கள் என்று கெஞ்சினார். அவரைப் பைத்தியம் என்று கேலி செய்தார்கள். 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் துணிந்து ரப்பர் பயிரிட்டார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. விலை ஏறியது. மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின.

அந்த மரங்களில் பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கப்பல் ஏறினார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், இருட்டில் வாளியும் கத்தியுமாக நிரைக்குப் போய் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ரிட்லி கண்டறிந்த அந்த வெட்டுத்தான் இருந்தது.

அந்த நிலமாற்றுப் பத்திரத்தில் கையெழுத்திட்ட வாம்போவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அவர் ஆசையாகக் கட்டிக் காத்த வீடு போய்விட்டது. யோசிக்காமல் கைமாற்றிய நிலம் ஒரு நாட்டின் தொழிலுக்கும் நம் இனத்தின் இடப்பெயர்வுக்கும் வித்திட்டது.

நம் வீடு எங்கே?

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு வீடு இடிபடுவது செய்தியல்ல, அனுபவம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பிறகு செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்து வீடுகள் ஒரே நாளில் தரைமட்டமாயின. அந்த ஒரு வீடு எத்தனை வேலை பார்த்தது! படுக்கை அறை, பிரசவ அறை, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இடம், தீபாவளிக்குத் தையல் கடை, சாவு விழுந்தால் ஊரே உட்காரும் திண்ணை.

வாம்போவின் வீடு இடிந்தபோது பெயராவது சாலையில் நின்றது. நம் லயத்துக்குச் சாலைப் பெயர் இல்லை. பல தோட்டங்களின் பெயர்கூடப் பழைய அடையாள அட்டைகளிலும் பிறப்புப் பத்திரங்களிலும் மட்டுமே இருக்கிறது.

அதை எழுதி வைக்க அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை. அடுத்த முறை தாத்தா பாட்டியைப் பார்க்கும்போது கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாவது லயம், பக்கத்து வீட்டில் யார், கிணறு எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். படம் இருந்தால் பின்பக்கத்தில் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.

சிராங்கூன் சாலைப் பக்கம் போகும் நாளில், தேக்காவோடு திரும்பிவிடாமல் பூன் கெங் வரை போய்ப் பாருங்கள். பிறகு பூமலைக்கும் போய்வாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே ஒரு பால்மரத்தைக் கண்டால், உடன் வரும் பிள்ளைகளுக்கு அந்த மரத்தை யார் யார் வெட்டினார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். குடும்பத்தில் பால்வெட்டியவர் பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும்.