புகையிரதங் காண விழைந்த இசைப்புலவர்

அந்தொனின் துவோர்ஷாக் என்னும் மேலைத்தேயத்து இசைப்புலவரின் பெயரை அறியாதாரும் அவருடைய இசையை எங்கேனும் கேட்டிருத்தல் கூடும். 'புதிய உலகிலிருந்து' என்னும் சிம்பொனியை ஆக்கியவர் என்று கலைக்களஞ்சியங்கள் அவரை ஒரு வரியில் அடக்கிவிடும். யான் இங்கு எழுதப் புகுந்தது அவருடைய மற்றொரு காதலைப் பற்றி. எஞ்சின்களின் இலக்கங்களை நெட்டுருச் செய்வதும், புகையிரத மேடையில் நெடும்பொழுது நிற்பதும், சாரதிகளோடு கூடி உரையாடுவதும் அவர்க்கு இறுதிவரை தீராத வேட்கைகளாயிருந்தன. வரலாறு எழுதுவோர் பலர் இதனை ஒரு வேடிக்கைக் குறிப்பாகத் தந்து கடந்து செல்வர். அங்ஙனம் கடந்து செல்லுதற்கு என் மனம் ஒருப்படவில்லை.

1841ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 8ஆந் திகதி, பொகீமியா நாட்டில் வில்ட்டாவா ஆற்றங்கரையிலுள்ள நெலகோசெவெஸ் என்னுஞ் சிற்றூரிலே துவோர்ஷாக் பிறந்தார். தந்தையார் சத்திரமும் இறைச்சிக் கடையும் நடத்தியவர். நரம்புக் கருவி வாசிக்கவும் வல்லவர். மைந்தனுக்கு எட்டு வயதாயிருந்தபோது அவ்வூரூடாக இருப்புப்பாதை வந்தது. குன்றைக் குடைந்து சுரங்கவழி அமைத்தனர். 1850இல் வண்டி ஓடத் தொடங்கிற்று; அடுத்த ஆண்டிலே அப்பாதை பிராக் நகரைச் சக்சனி நாட்டுத் திறெஸ்டன் நகரோடு இணைத்தது. பிறந்த வீட்டுக்கு அணித்தாகவே தண்டவாளம் சென்றது. குதிரையின் கதியையே கதியின் எல்லையாகக் கண்டிருந்த ஊரிலே, நெருப்புண்டு நீர்குடித்து முழங்கிவரும் அவ்வியந்திரத்தைக் கண்ட சிறுவனின் நெஞ்சம் என்னாயிருக்கும்! நம் முன்னோர் அதற்கு இட்ட பெயரை ஈண்டு நினைக்கின்றேன். வண்டி என்னாது 'இரதம்' என்றனர். புகையிரதம் என்னுஞ் சொல்லை ஆக்கியவர் யாராயினும், துவோர்ஷாக்கின் கண்கொண்டே அதனைக் கண்டார் போலும்.

இளமைக்கால வரலாற்றை விரிக்க வேண்டுவதில்லை. 1857இல் பிராக் நகரத்து ஓகன் பள்ளியிற் சேர்ந்தார். பின்னர் அந்நகர நாடக அரங்கின் வாத்தியக் குழுவிலே பல்லாண்டு வியோலா வாசித்தார். வீடு வீடாகச் சென்று பியானோ கற்பித்துப் பிழைத்தார். 1873இல் அன்னா என்னும் நங்கையை மணந்தார். நாட்டரசு வழங்கிய உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தபோது நடுவருள் ஒருவராயிருந்த பிராம்ஸ் என்னும் பேரிசையாளர் இவரது ஆற்றலைக் கண்டு, பேர்லின் பதிப்பாளர் சிம்ரொக்குக்குப் பரிந்துரைத்தார். 1878இல் 'சிலாவிய நடனங்கள்' வெளிவரவே, ஐரோப்பா முழுவதும் இவர் பெயர் பரந்தது.

புகழ் வாயிலில் வந்து நின்ற அந்நாட்களிலேதான் பெருந்துயரும் வீட்டினுட் புகுந்தது. 1875இல் பெண்மகவு ஒன்று பிறந்து இரண்டு நாளில் இறந்தது. 1877 ஓகஸ்டில் மற்றொரு பெண்குழந்தை தீக்குச்சி செய்யப் பயன்படும் பொசுபரசு நஞ்சினால் மாண்டது. அடுத்த மாதம், தந்தையின் பிறந்தநாளாகிய 8ஆந் திகதியிலேயே, மூத்த மைந்தன் வைசூரியால் இறந்தான். ஈன்ற மூவரும் மறைந்தனர். பிள்ளையற்ற அவ்வில்லத்தை விட்டு அவ்வாண்டின் இறுதியிற் கணவனும் மனைவியும் சிற்னா வீதியிலுள்ள வீடொன்றிற் குடிபுகுந்தனர். பின்னர் அறுவர் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது அவ்வீதியிலேதான். அங்கிருந்து நடந்து செல்லுந் தொலைவில், பேரரசர் பிரான்சு யோசெப்பின் பெயர் தாங்கிய புகையிரத நிலையம் இருந்தது. இன்று பிராக் நகரின் தலைமை நிலையம் அதுவே.

அந்நிலையம் அவர்க்கு இரண்டாம் இல்லமாயிற்று. எந்த வண்டி எப்பொழுது வரும், எதனை எந்த எஞ்சின் இழுக்கும், அதன் சாரதி யார் என்பனவெல்லாம் அவர் நாவிலிருந்தன. நேரசூசியை ஓதுவார் தேவாரத்தை அறிந்தாற்போல அறிந்திருந்தார். சாரதிகளும் நிலையத்து ஊழியரும் அவர்க்கு நண்பராயினர். 1891 முதல் இசைக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்தபோது, தாம் செல்ல இயலாத நாளிலே மாணாக்கர் ஒருவரை அனுப்பி, விரைவு வண்டியை இழுத்து வந்த எஞ்சினின் இலக்கத்தை எழுதி வரப் பணிப்பாராம். தம் சிம்பொனிகள் அனைத்தையும் கொடுத்தேனும் புகையிரத எஞ்சினைக் கண்டுபிடித்தவன் என்னும் பெயரைப் பெற விரும்புவதாக அவர் சொல்வதுண்டென்று நண்பர் நினைவுகூர்ந்தனர். எண்ணற்ற உறுப்புகள், ஒவ்வொன்றும் தன்னிடத்தில் நின்று தன் தொழிலைச் செய்ய, சிறியதோர் ஆணியும் வீணன்றி, முழுவதும் ஒன்றாய் இயங்குதலை அவர் வியந்தனர் என்ப. அறுபது எழுபது கருவிகளை ஒருங்கு முழக்குவிக்கும் தொழிலினர்க்கு இவ்வியப்பு இயல்பே.

ஆயினும் வேறொரு காரணமும் உண்டென எனக்குத் தோன்றுகின்றது. துவோர்ஷாக் அச்சமிக்கவர். இடிமுழக்கம் அவரை நடுங்கச் செய்யும்; முதுமை அணுகியபோது வெளியே தனித்துச் செல்லவும் அஞ்சினார். ஐந்து வாரத்துள் இரு குழந்தைகளை இழந்தவர்க்கு இவ்வுலகில் எது வரும், எது போகும் என்னும் நம்பிக்கை எங்ஙனம் நிலைக்கும்? மேடையில் நின்றால், குறித்த நேரத்துக்குக் குறித்த வண்டி வருகின்றது. போனது மறுநாளும் திரும்பி வருகின்றது. இஃது என் ஊகமே. இதற்கு அவர் கைப்பட எழுதிய சான்று யாதுமில்லை.

கைப்பட எழுதிய குறிப்பொன்று வேறிடத்தில் உண்டு. 1884இல் பெஸ்ட் நகரிலிருந்து விழாக்கோலத்துடன் விருந்தினரை ஏற்றி வந்த வண்டி பிராக் நிலையத்தை அடைந்தபொழுது, ஏழாம் சிம்பொனியின் முதற்பகுதிக்குரிய தலைமைக் கருத்து தமக்குத் தோன்றியதென அவ்விசையின் ஏட்டிலேயே குறித்து வைத்தார். அச்சிம்பொனி 1885 ஏப்ரிலில் இலண்டனில் அரங்கேறியது. கேட்பார்க்கு அதிலே சக்கரவொலி கேளாது. இருண்டு கனத்த ஓர் இசையே கேட்கும். அவரது வேறு சில பாட்டுகளிலே தண்டவாளத் தாளம் கேட்கின்றதென்பார் உளர். அத்தகைய பொருத்தங்களை யான் எளிதில் நம்புவதில்லை.

1892இல் நியூயோர்க் நகரத்துத் தேசிய இசைக் கல்லூரி ஆண்டுக்கு 15,000 டொலர் வேதனத்துடன் அவரைத் தலைவராக அழைத்தது. செல்வம் வந்தது, புகையிரதமோ எட்டாததாயிற்று. பயணச்சீட்டில்லாதார் அந்நகரத்து மேடைகளிற் புகல் இயலாது. வாயிற்காவலரை இரந்தும் பயனில்லை. எனவே, உடன் வாழ்ந்த யோசெப் கோவர்ஷிக் என்னும் இளைஞரை அழைத்துக்கொண்டு, நகரின் வடபால் 155ஆம் வீதிவரை உயரப்பாதை வண்டியில் ஏறத்தாழ ஒரு மணிநேரஞ் சென்று, ஆங்குக் கரையோரத்தே நின்று சிக்காகோ விரைவு வண்டி கடந்து செல்வதைக் காண்பார். கண் இமைக்கும் பொழுதிற் கடந்துபோகும் ஒரு காட்சிக்குப் போகவர இரண்டு மணிநேரம்! இது நெடுநாள் நடவாதென்று கண்டு, கப்பல்களின்பால் மனத்தைத் திருப்பினார். புறப்படும் நாளிலே கப்பலினுட் செல்ல எவர்க்கும் தடையில்லை. மேற்றளம் முதற் கீழ்த்தளம் வரை சுற்றிப் பார்த்து, மாலுமித் தலைவரோடு உரையாடி, பின்னர்க் கரையில் நின்று கப்பல் மறையுமளவும் நோக்கியிருப்பார். வீடு திரும்பிய பின்னரும் அது கடலில் இப்பொழுது எங்குச் செல்லுமெனக் கணக்கிடுவாராம்.

1893ஆம் ஆண்டுக் கோடையில் குடும்பத்தோடு புகையிரதமேறிச் சிக்காகோ வழியாக அயோவா மாநிலத்துக் காலமார் நிலையத்தில் இறங்கி, செக்கு மக்கள் வாழும் இசுப்பில்வில் என்னும் சிற்றூரை அடைந்தார். வந்து சில நாளுள், மூன்றே நாளில், ஒரு நால்வர் இசையின் வரைவை எழுதி முடித்தார். அவ்வாண்டு டிசெம்பர் 16ஆந் திகதி நியூயோர்க் கார்னெகி மண்டபத்திற் 'புதிய உலகிலிருந்து' முறைப்படி அரங்கேறியது. 1895இல் தாயகம் மீண்டார். மீண்டும் பழைய மேடையில் நின்றார்.

மாணாக்கர் யோசெப் சுக்கைப் பற்றி வழங்குங் கதையைச் சொல்லாது விடலாகாது. எஞ்சின் இலக்கத்தை அறிந்து வருமாறு ஒருநாள் அவரை அனுப்பினார். சுக் எஞ்சினின் இலக்கத்தை விட்டு, அதன் பின்னே கொழுவப்பட்ட நிலக்கரிப் பெட்டியின் இலக்கத்தை எழுதிவந்து கொடுத்தார். துவோர்ஷாக் தம் மகள் ஒத்தீலியாவை நோக்கி, இத்தகையவனையோ நீ மணக்கப் போகின்றாய் என்னும் பொருள்படக் கடிந்தாராம். கதை மெய்யோ புனைவோ, திருமணம் 1898இல் இனிதே நடந்தது.

1904ஆம் ஆண்டு இளவேனிலில், எஞ்சின்களைக் காணச் சென்று நிலையத்திற் குளிர் பிடித்து அவர் படுக்கையிற் கிடந்தாரென்று எழுதுவாருளர். நோய் முன்னரே உடலில் இருந்தது. மே மாதம் முதலாந் திகதி சிற்னா வீதி இல்லத்தில் உயிர் நீத்தார். விசேராத் இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பெற்றார். ஆசிரியரை நினைந்து சுக் ஒரு சிம்பொனி எழுதத் தொடங்கினார். அது முடியுமுன்னே 1905இல் ஒத்தீலியாவும் இறந்தார். 'அஸ்ராயேல்' என்னும் மரண தூதனின் பெயரால் அதனை 1906இல் முடித்து, இருவர்க்கும் உரித்தாக்கினார்.