மே தினத் தாத்தா சிங்காரவேலர்

மே 1 அன்று ஏன் லீவு என்று யோசித்தது உண்டா? அதுக்குப் பின்னால் ஒரு தாத்தா இருக்கிறார்.

ம. சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18-ல் சென்னையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தார். படித்து வக்கீல் ஆனார். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கம் ஆரம்பித்ததும் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்.

மில்லில் ஒரு ஆள் மட்டும் கூலி உயர்வு கேட்டால் வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. எல்லாரும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும். சங்கம் என்பது இதுக்குத்தான். சிங்காரவேலர் சங்கங்களுக்காகப் பாடுபட்டார். 1923 மே 1-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அன்றைக்கு விடுமுறை வேண்டும் என்றும் கேட்டார்.

1928-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம்ம சேலம் ஜங்ஷனும் அப்போது அந்தக் கம்பெனியோடதுதான். அவர்களுக்குத் துணை நின்றதால் சிங்காரவேலரை ஜெயிலில் போட்டார்கள். அப்போது அவருக்கு வயது 68! 1930-ல்தான் வெளியே வந்தார். 1946 பிப்ரவரி 11-ல் காலமானார்.

எங்க அம்மா கொலுசுப் பட்டறைக்குப் போறாங்க. அவங்களுக்கு மே 1-லும் வேலை உண்டு. லீவு போட்டால் கூலி இல்லை. அங்கே சங்கமும் இல்லை. அதனால்தான் இந்தத் தாத்தாவைப் பற்றி எழுதினேன்.

- 9-ஆம் வகுப்பு மாணவி