மதுவிலக்குக்காக விற்பனை வரி கண்ட ராஜாஜி

புதுதில்லி: இந்தியாவில் பொது விற்பனை வரியை முதன்முதலாகக் கொண்டுவந்தவர், சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி. சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் அவர் அமல்படுத்திய மதுவிலக்கே அதற்குக் காரணம்.

ஒசூர் அருகே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞராக இருந்தார். காந்திஜியின் அழைப்பை ஏற்று அத்தொழிலைத் துறந்தார். 1937 ஜூலையில் மாகாணப் பிரதமரானதும், அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை அமல்படுத்தினார். 1938-ல் திருப்பதியை உள்ளடக்கிய அன்றைய சித்தூர் மாவட்டத்துக்கும் கடப்பைக்கும் அது நீட்டிக்கப்பட்டது.

கள், சாராயத்தின் மீதான ஆயத்தீர்வை மாகாணத்தின் முக்கிய வருவாய். வருமான வரி விதிக்கும் அதிகாரமோ மத்திய அரசிடம் இருந்தது. எனவே, இழப்பை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டத்தை அவர் நிறைவேற்றினார். குடிப்பவர் மட்டும் சுமந்த பாரம், பொருள் வாங்கும் அனைவர் மீதும் விழுந்தது. ஆண்டு விற்பனை ரூ.10 ஆயிரத்துக்குக் குறைவான கடைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டபோதும் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதே ஆண்டு அக்டோபரில், இந்தியாவைக் கேளாமல் உலகப்போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து அவரது அமைச்சரவை பதவி விலகியது.

1953-ல் சித்தூர் ஆந்திர மாநிலத்துடன் இணைந்தது. தமிழகத்தில் 1971-ல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டபோது, அம்முடிவைக் கைவிடுமாறு முதல்வர் கருணாநிதியிடம் நேரில் வேண்டினார் ராஜாஜி. அது ஏற்கப்படவில்லை. 1972 டிசம்பர் 25-ல் அவர் மறைந்தார். ஆந்திரத்தில் 1995-ல் வந்த மதுவிலக்கும் 1997-ல் தளர்த்தப்பட்டது.

2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களின் விற்பனை வரி, சரக்கு-சேவை வரியில் கரைந்துவிட்டது. மதுபானம் அதற்கு வெளியே நிற்கிறது. மதுவை ஒழிக்கப் பிறந்த விற்பனை வரியை, மாநிலங்கள் இன்று மதுவிடமிருந்தே வசூலிக்கின்றன.