மின்பொறியாளர் கண்ட உயிர்காப்பு முறை

நின்ற இதயத்தைக் கைகளால் அழுத்தி இயக்கும் முறையை உலகிற்கு அளித்த குழுவின் தலைவர் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். வில்லியம் கௌவன்ஹோவன் 1886ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

அக்காலத்தில் மின்கம்பங்களில் பணிபுரிந்தோர் பலர் மின்சாரம் தாக்கி மாண்டனர். அவர்களைக் காக்க வழி தேடியே அவர் இதய ஆய்வில் இறங்கினார். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அளவான மின்னதிர்ச்சி சீராக்கும். மார்பைத் திறவாமலே அதனைச் செலுத்தும் கருவியை அவர் உருவாக்கினார்.

1958ஆம் ஆண்டு, நாயொன்றின்மீது சோதனை நடந்தது. கருவியின் கனத்த தகடுகளை மார்பில் அழுத்தியதும், மின்சாரம் பாயுமுன்பே குருதியழுத்தம் உயர்ந்ததை ஆய்வு மாணவர் கய் நிக்கர்பாக்கர் கண்டார். கருவியின் கோளாறென்று எளிதாகத் தள்ளியிருக்கலாம். கௌவன்ஹோவன் தள்ளவில்லை. எவ்விடத்தில், எவ்வளவு ஆழமாக, எவ்வளவு விரைவாக அழுத்துவது எனத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் அவர்களோடு இணைந்தார்.

1960ஆம் ஆண்டு மூவரும் வெளியிட்ட கட்டுரை, இதயம் நின்ற 20 பேருள் 14 பேர் பிழைத்ததைத் தெரிவித்தது. அதுவரை மருத்துவர் மார்பைப் பிளந்து இதயத்தைப் பிசைய வேண்டியிருந்தது. வீதியில் வீழ்ந்தவருக்கு அந்த வாய்ப்பேது? புதிய முறைக்குக் கத்தியும் வேண்டா, கருவியும் வேண்டா. பெரியவர்க்கு இரு கைகள், சிறுவர்க்கு ஒரு கை, கைக்குழந்தைக்கு விரல்நுனிகள் என அன்று வகுத்தனர். செயற்கைச் சுவாசத்துடன் இணைந்த இம்முறையை இன்று பள்ளி மாணவரும் பயிற்சிப் பொம்மையில் பழகுகின்றனர்.

1969ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு மருத்துவப் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 83.