திண்ணையில் ஒரு சிலேட்டு



கும்பகோணம் போனால் சாரங்கபாணி சன்னதித் தெருவுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அங்கே ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. முன்னால் திண்ணை, தெருவைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். நூறு வருடங்களுக்கும் முன்பு அந்த வீட்டு இளைஞர் ஒருவர் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடியும் எழுதுவார். காகிதம் வாங்கக் காசு ஏது? விடையை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். அவர் கண்ட சூத்திரங்கள் இன்று உலகின் பெரிய பெரிய கணினிகளுக்கு வேலை கொடுக்கின்றன.

அவர்தான் சீனிவாச ராமானுஜன். பிறந்தது 1887 டிசம்பர் 22ல், அம்மாவின் ஊரான ஈரோட்டில். வளர்ந்தது காவிரிக் கரைக் கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கர்.

டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது கார் என்பவர் எழுதிய கணிதப் புத்தகம் ஒன்று ராமானுஜன் கைக்குக் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் இருந்தன. விளக்கம்தான் அதிகம் இல்லை. ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று தாமே கண்டுபிடிக்க உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை! கணக்கைத் தவிர வேறு பாடம் எதையும் தொடவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தோல்விதான். வருடக்கணக்காகப் பாடம் நடத்திய எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் மனம் கனக்கும். இப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்திருந்தால் நானும் ஃபெயில்தான் போட்டிருப்பேனோ?

1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அடுத்த வருடம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் சூத்திரங்களை எழுதி அனுப்பினார். ஹார்டி அசந்துபோனார். 1914ல் ராமானுஜன் கப்பலேறினார். டாக்ஸி எண் 1729 கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன். வேறு இரண்டு கணக்குகளைச் சொல்கிறேன்.

களத்தில் 4 நெல் மூட்டைகள் இருக்கின்றன. அவற்றை எத்தனை விதமாகக் குவியல்களாகப் பிரிக்கலாம்? 4 மூட்டையும் ஒரே குவியல், 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக 5 விதம். 10 மூட்டை என்றால் 42 விதம். 100 மூட்டை என்றால்? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292! ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? இதற்கு ராமானுஜனும் ஹார்டியும் ஒரு சூத்திரம் கண்டார்கள். மக்மஹோன் என்ற அறிஞர் 200 வரை கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். அந்த விடையோடு சூத்திரத்தின் விடை பொருந்தியது.

இன்னொன்று 'பை'. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருமே, 3.14159265... என்று முடிவில்லாமல் போகும் எண், அதுதான். பழைய முறை ஒன்றில் 3.14 என்பது நிலையாக வருவதற்கே நூற்றுக்கணக்கான படிகள் போட வேண்டும். ராமானுஜன் 1914ல் வெளியிட்ட சூத்திரத்தின் முதல் படியை நீங்களே போட்டுப் பாருங்கள். கால்குலேட்டரில் 2ன் வர்க்கமூலத்தை 2206ஆல் பெருக்குங்கள். வரும் எண்ணால் 9801ஐ வகுங்கள். புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள் சரியாக வந்துவிடும்! அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் எட்டு இலக்கம் கூடும்.

1985ல் அமெரிக்காவில் காஸ்பர் என்பவர் இந்தச் சூத்திரத்தைக் கணினியில் ஓட்டி, 'பை'யை 1 கோடியே 75 லட்சம் இலக்கங்கள் வரை கண்டார். பின்னர் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் இதே வழியில் போய் இன்னும் வேகமான சூத்திரத்தை அமைத்தார்கள். அதைக் கொண்டு 2022ல் 100 லட்சம் கோடி இலக்கங்கள் வரை போயிற்று. இத்தனை இலக்கம் எதற்கு என்கிறீர்களா? புதுக் கணினி தப்பில்லாமல் வேலை செய்கிறதா என்று சோதிக்க இது நல்ல பரீட்சை.

இங்கிலாந்துக் குளிரும், போர்க்காலச் சாப்பாட்டுக் கஷ்டமும் ராமானுஜன் உடம்பைக் கெடுத்தன. 1918ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. மறு வருடம் நோயாளியாகத் திரும்பினார். கொடுமுடி, கும்பகோணம் என்று இருந்துவிட்டு, கடைசியில் சென்னை சேத்துப்பட்டில் படுத்த படுக்கையானார். படுத்துக்கொண்டும் கணக்குத்தான்! எழுதிய தாள்களை மனைவி ஜானகி சேர்த்து வைத்தார். 1920 ஜனவரியில் ஒரு புதுவகைக் கணக்கைப் பற்றி ஹார்டிக்குக் கடிதம் போனது. ஏப்ரல் 26ல் ராமானுஜன் காலமானார். வயது 32.

இங்கிலாந்து போய்ச் சேர்ந்த அந்தத் தாள்களை எல்லோரும் மறந்தே போனார்கள். 1976ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் பழைய காகிதங்களுக்கு நடுவே அவற்றைக் கண்டார். 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள்! கடைசிக் கடிதத்தில் சொன்ன புதுவகைக் கணக்கு என்ன என்பது 2002ல் ஸ்வேகர்ஸ் என்ற நெதர்லாந்து இளைஞர் விளக்கிய பிறகுதான் தெளிவானது. ஒளியைக்கூட வெளியே விடாத கருந்துளைகளைப் பற்றி ஆராய்பவர்கள் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். ராமானுஜன் அதை எழுதியபோது கருந்துளை என்ற பெயரே உலகில் கிடையாது.