இக்னாஸ் ஸெம்மல்வைஸ்

ஹங்கேரி நாட்டுப் பூடா நகரில், மளிகை வணிகர் ஒருவரின் புதல்வராக 1818-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி பிறந்தவர் ஸெம்மல்வைஸ். நியாய சாஸ்திரம் கற்கச் சென்ற அவர், வைத்தியத்தில் மனம்பற்றி அதனையே பயின்று, 1846-ல் வியன்னாப் பொது ஆஸ்பத்திரியின் முதற் பிரசவ விடுதியில் உதவி வைத்தியராய் அமர்ந்தார்.

ஆங்கு ஏழைப் பெண்டிர் பொருட்டு இரண்டு விடுதிகள் இருந்தன. முதலாவதில் வைத்திய மாணாக்கரும், இரண்டாவதில் மருத்துவச்சித் தொழில் கற்கும் மாதரும் பயின்றனர். இரு விடுதிகளும் நாள்முறை வைத்துக் கர்ப்பிணிகளை ஏற்றனவாதலின், நோவு காணும் நாளே ஒருத்தி செல்லும் இடத்தை நிர்ணயித்தது. 1846-ல் முதல் விடுதித் தாய்மாரில் 100-க்கு 11 பேர் மாண்டனர். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு.

ஏட்டுக் கணக்கைப் பாராமலே ஊர்ப் பெண்கள் இதனை அறிந்திருந்தனர். முதல் விடுதியின் முறைநாளில் வந்து சேர்ந்தவர்கள் முழந்தாளிட்டு, கைகளைப் பிசைந்து, தம்மை அடுத்த விடுதிக்கு அனுப்புமாறு மன்றாடினர். வேறு சிலர் வேண்டுமென்றே தெருவில் பிள்ளை பெற்று, வழியிலேயே பிரசவமாயிற்று என்று சொல்லிக்கொண்டு வந்தனர். அங்ஙனம் வந்தாலும் குழந்தையை இலவசமாய் வளர்க்கும் சலுகை அவர்களுக்கு உண்டு. வியப்பு யாதெனில், தெருவில் பெற்றவர்களுக்குப் பிரசவ ஜுரம் அரிதாகவே கண்டது. பேதையரின் வீண் அச்சம் என்று பிறர் தள்ளியதை ஸெம்மல்வைஸ் தள்ளவில்லை. அதுவே அவர் பெருமை என்பேன்.

நெருக்கமோ காரணம்? இரண்டாம் விடுதியே அதிக நெருக்கமுடையது. படுக்கும் முறையை மாற்றினார். மரிப்போரிடம் செல்லும் குருவானவரின் மணியோசையையும் நிறுத்தினார். பயனில்லை. 1847 மார்ச்சில், பிரேத பரிசோதனையின்போது மாணாக்கன் கத்தி விரலிற் பட்டு, அவர் நண்பர் பேராசிரியர் கொல்லெட்ஷ்கா இறந்தார். அவருடைய நோய்க்குறிகள் அத்தாய்மாருடையனவாகவே இருந்தன! பிணம் அறுத்த கைகளோடே மாணாக்கர் பிரசவம் பார்க்கச் செல்வதும், மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடாமையும் அப்பொழுதே அவருக்கு விளங்கின. மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவியே உட்புகவேண்டுமென விதித்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆயிருந்த மரணம் ஜூனில் 2 ஆயிற்று. 1848-ல் இரு விடுதிகளும் ஏறக்குறைய ஒத்து நின்றன. நாளெண்ணி நடுங்கவேண்டிய நிலை பெண்களுக்கு நீங்கிற்று.

கிருமிகளைப் பற்றிய அறிவு பரவாத காலமாதலின், தம் கைகளே கொன்றன என்பதை மூத்த வைத்தியர் பலர் ஏற்றிலர். 1849-ல் ஸெம்மல்வைஸின் வேலை நீட்டிக்கப்படவில்லை. பெஸ்டு நகர் சென்று, அங்கும் இம்முறையை நாட்டி, 1861-ல் தம் நூலை வெளியிட்டார். எதிர்ப்பு ஓயாமையால், பேராசிரியர்களைக் கொலைஞரென்று பகிரங்கக் கடிதங்களில் சாடினார். சினம் அவருடைய கட்சிக்கு நன்மை செய்யவில்லை. மனங்கலங்கிய அவரை 1865-ல் வியன்னாவின் சித்தப்பிரமை விடுதி ஒன்றில் அடைத்தனர். இரு வாரத்துள், ஆகஸ்டு 13-ந் தேதி, புண்ணின் வழி இரத்தம் விஷமாகித் தம் 47-ம் வயதில் அங்கேயே காலமானார்.