பாடி ஆலைகளில் வாழும் ஒரு தந்தையின் பெயர்

சென்னை மாநகரின் மேற்கே, அம்பத்தூருக்குச் செல்லும் வழியில் பாடி என்னும் ஊர் உள்ளது. திருவலிதாயம் எனப் பழம்பெயர் கொண்ட ஊர் அது. இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் எழுவன ஆலைகளே. வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாசனர்ஸ் ஆகிய தொழிற்சாலைகள் 1960 முதல் ஏழாண்டு எல்லைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கு எழுந்தன. அங்குள்ள பேருந்து நிறுத்தம் ஒன்று லூகாஸ் என்றே வழங்குகிறது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளிலிருந்து வந்து அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் குடியமர்ந்த நம் குடும்பத்தாருக்கு இப்பெயர்கள் புதியன அல்ல.

சுந்தரம் என்ற சொல்லைத் தாங்கிய அவ்வாலைகளைச் சுந்தரம் என்ற மனிதர் கண்ணால் கண்டதில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1955-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அவர் காணாத கட்டடங்களுக்கு அவர் பெயரை இட்டவர்கள் அவர்தம் வழிவந்தோர். ஒரு தந்தையைப் பிள்ளைகள் எவ்வாறு போற்றலாம் என்பதற்கு நம் வீடுகளுக்கு அருகிலேயே உள்ள சான்று இது என்பதால், அவர் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாக எழுத முற்பட்டோம்.

அவர் 1877-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். பெயரின் முதலெழுத்து அவ்வூரைக் குறிப்பதே. மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அக்காலத்தில் படித்த அந்தணர் குடும்பத்துப் பிள்ளைக்குச் சட்டமும் அரசுப் பணியும்தாம் கௌரவமான வழிகள். சுந்தரம் தந்தையின் சொல்லைத் தட்டவில்லை. சட்டத் தொழிலில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். ஆனால் மனம் அதில் ஒன்றவில்லை. பின்னர் இரயில்வேயில் பணியாற்றினார், ஒரு வங்கியிலும் பணியாற்றினார். மாதச் சம்பளம் தவறாது வந்துகொண்டிருந்த அந்த வேலையையும் விட்டுவிட்டு வணிகத்தில் இறங்கினார். முப்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவர் ஒருவர் இவ்வாறு செய்வதை அன்றைய உறவினர்கள் அறிவுடைமை என்று கருதியிருக்க இயலாது. தந்தை காட்டிய வழியை விட்டு விலகிய இந்த மகனை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. இவர் வீட்டிலும் பின்னர் ஒரு பிள்ளை அவ்வாறே விலகி நடக்கப்போகிறது.

1911-இல் தொழில் தொடங்கியது. அடுத்த ஆண்டே பேருந்து ஓடத் தொடங்கியது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் அன்றி வேறு ஊர்தி காணாத சாலைகளில், உரிய நேரத்தில் புறப்பட்டு உரிய நேரத்தில் சேரும் வண்டி என்பதே ஒரு புதுமை. காலந்தவறாமையை அவர் ஒரு விரதம் போலக் கைக்கொண்டார். அவர் பேருந்து கடந்து செல்வதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வர் என்ற பேச்சு தென் மாவட்டங்களில் வெகுநாள் வழங்கியது. மாடுகளின் இலாடங்களிலிருந்து உதிரும் ஆணிகள் சக்கரத்தைத் துளைத்து வண்டியைத் தாமதப்படுத்தின. அவ்வாணிகளை ஈர்த்து அகற்றுவதற்குக் காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓடச் செய்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். தாமதத்திற்குச் சாலையைக் குறை கூறிக்கொண்டிராமல், சாலையையே துப்புரவு செய்யப் புகுந்த மனம் அது.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவனம் வளர்ந்தது. சதர்ன் ரோட்வேஸ், மதராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகியவை அவர் காலத்திலேயே நிலைபெற்றன. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. கரியை எரித்து அதிலிருந்து எழும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை அவர் நிறுவனம் உருவாக்கிப் பேருந்துகளை நிறுத்தாமல் ஓட்டியது. தேய்ந்த டயர்களுக்குப் புதிய மேற்பரப்பு இடும் தொழிலும் அவரால் தொடங்கப்பட்டது.

தொழிலில் பெற்ற வெற்றியைக் காட்டிலும் அவர் அதைக் கைம்மாற்றிய முறையே நம் கவனத்திற்கு உரியது. நிறுவனத்தின் பெயரிலேயே அவர் தம் மைந்தர்களைச் சேர்த்திருந்தார், டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் என்பதே அதன் பெயர். மைந்தர்கள் ஆளாகியதும் இராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகியோரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொண்டார். கணக்குப் புத்தகத்தையும் பெட்டிச் சாவியையும் இறுதி மூச்சுவரை மடியில் முடிந்துவைத்திருக்கும் தந்தையரை நாம் பலரும் கண்டிருக்கிறோம். அவர் அத்தகையவர் அல்லர்.

சிரேணிக மகாராஜன் கதையை அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் அருமை புரியும். மகாவீரரின் சமவசரணத்தில் வினாக்கள் தொடுத்த அம்மன்னனை, அரசுரிமை விரும்பிய மகன் குணிகன் சிறையில் இட்டான். குழந்தைப் பருவத்தில் குணிகனின் விரல் புண்ணாகி வலியால் அழுதபோது, சீழை வாயால் உறிஞ்சி அவனை உறங்கவைத்தவர் அந்தத் தந்தையே எனத் தாய் சேலினி பின்னர் எடுத்துரைத்தாள். மனம் பதைத்து மகன் விலங்கை உடைக்க ஓடினான். ஓடி வருபவன் கொல்லவே வருகிறான் என்று எண்ணிய தந்தை, அவன் வந்து சேர்வதற்குள் உயிர் துறந்தான். மகனின் நன்றி பொய்யானது அன்று; காலம் கடந்து வந்தது, அவ்வளவே. இக்கதை கேட்டோர் குணிகனையே பழிப்பர். பிள்ளைகள் நன்றி பாராட்டுவதற்கு ஏற்ற காலத்தைத் தந்தையும் அமைத்துத் தரவேண்டும் என்பது இந்த எழுத்தாளனின் எண்ணம். சுந்தரம் ஐயங்கார் தாம் உயிரோடு இருக்கும்போதே அதற்கு இடம் அளித்தார்.

1955-ஆம் ஆண்டு சனவரியில் ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடி, சமதர்மப் பாணியிலான சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் கொடைக்கானலில் ஐயங்கார் தம் 78-ஆம் வயதில் காலமானார். மோட்டார் உதிரிப் பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கும் காலம் முடிந்து, உள்நாட்டிலேயே செய்தாக வேண்டிய காலம் வந்துகொண்டிருந்தது. தந்தை அறிந்தது பேருந்து ஓட்டமும் வண்டி விற்பனையும். மைந்தர்கள் இறங்க வேண்டியிருந்ததோ உற்பத்தித் தொழில்.

அவர்கள் இறங்கினர். 1954-இலேயே சந்தானம் சுந்தரம் ஃபைனான்சைத் தொடங்கியிருந்தார். இலாரி வாங்கக் கையில் முதல் இல்லாத ஓட்டுநருக்கும் சிறு உரிமையாளருக்கும் தவணையில் கடன் தந்த நிறுவனம் அது. பின்னர் ஆங்கிலேயே நிறுவனங்களின் கூட்டுறவோடு பாடியில் சக்கரம், மின்கருவி, பிரேக்கு ஆகியவற்றுக்கான ஆலைகள் எழுந்தன. லூகாஸ் நிறுவனத்தோடு 1961-இலும், கிளேட்டன் நிறுவனத்தோடு 1962-இலும் உடன்பாடுகள் நிறைவேறின. தமிழக அரசின் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தபோது, அருகிலிருந்த பாடி ஏற்கெனவே சங்கொலி கேட்டு விழிக்கும் ஊராகியிருந்தது.

தந்தைக்குச் சிலை வைப்பது எளிது. நான்கு உடன்பிறந்தார் ஒரே பெயரின் கீழ் பல்லாண்டு தொழில் நடத்துவது அவ்வளவு எளிதன்று. சீனிவாசன் வளர்த்த சுந்தரம் கிளேட்டன் பின்னர் அவர் மகன் வேணு சீனிவாசன் காலத்தில், 1998-இல், தரத்துக்கான சப்பானிய டெமிங் பரிசைப் பெற்றது. கிருஷ்ணாவின் மகன் சுரேஷ் கிருஷ்ணா சுந்தரம் ஃபாசனர்ஸை வளர்த்தார். சந்தானத்தின் வழியில் வீல்ஸ் இந்தியாவும் பிரேக்ஸ் இந்தியாவும் வளர்ந்தன. குடும்பக் கிளைகள் பெருகியபின், 2022-ஆம் ஆண்டில் குடும்ப உடன்பாட்டின்படி அவரவர் நடத்திவந்த நிறுவனங்களின் உரிமை அவரவர்க்கே வகுக்கப்பட்டது. பாகம் பிரிவது இல்லறத்தார்க்கு இயல்பு. நூறாண்டு கழித்துப் பிரிந்தார்கள் என்பதே வியப்பு.

ஆனால், அண்ட் சன்ஸ் என்ற பெயர்ப்பலகையில் மகள்களுக்கு இடம் இல்லை. அக்காலத்து வழக்கம் அது. பலகையில் இடம்பெறாத மகள் ஒருவர் தந்தைக்குத் தேடித் தந்த பெருமையைச் சொல்லாவிட்டால் இவ்வரலாறு பாதியே ஆகும்.

சௌந்தரம் 1904-ஆம் ஆண்டு பிறந்தவர். பதினான்கு வயதளவில் உறவினரான மருத்துவர் சௌந்தரராஜனுக்கு மணம் செய்துவைக்கப்பட்டார். கணவர் இளமையிலேயே இறந்தார். அன்றைய வைதிகக் குடும்பம் ஒன்றில் இளங்கைம்பெண்ணின் நிலை யாது என்பதை விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளின் பழைய கதைகளிலும் அது உண்டு. வெள்ளைச் சேலையும் பின்கட்டு அறையும் காத்திருந்த வயதில், பெற்றோர் அம்மகளை மேற்கொண்டு படிக்க அனுமதித்தனர். தில்லியின் லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரிக்குச் சென்ற சௌந்தரம் 1936-இல் மருத்துவரானார். அப்போது வயது முப்பத்திரண்டு. நூறு பேருந்துகளை ஓடச் செய்ததைவிட மகளை அந்த இரயிலில் ஏற்றி அனுப்பியதே ஐயங்காரின் துணிவு என்று கருதுகிறோம்.

தில்லியில் சௌந்தரம் காந்தியடிகளின் இயக்கத்தை அணுகினார். கேரளத்தைச் சேர்ந்த காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனைக் கண்டார். கைம்பெண் மறுமணம், அதுவும் வேறு சாதியில். பெற்றோர் இதற்கு இசையவில்லை. கல்வி வரை துணிந்த தந்தைக்கு இந்த அடி எடுத்துவைக்க இயலவில்லை. அவரைக் குறை கூற நமக்குத் தகுதி உண்டா என்பதை அவரவர் நெஞ்சே அறியும். இருவரும் ஓராண்டு சந்திக்காமலும் கடிதம் எழுதாமலும் இருந்து பார்க்குமாறு காந்தியடிகள் பணித்தார். அவ்வாறே இருந்தனர். மனம் மாறவில்லை. 1940-இல் காந்தியடிகள் முன்னிலையில் திருமணம் நடந்தது.

தந்தையின் சொல்லை மீறிய மகள் தந்தையை மதிக்காதவர் ஆகிவிட்டாரா? சட்டத் தொழிலை விட்டு விலகிய சுந்தரம் தம் தந்தையை மதிக்காதவரா என்று கேட்பதற்கு ஒப்பானது அது. தந்தை வாங்கித் தந்த மருத்துவக் கல்வியை அம்மகள் ஒரு நாளும் வீணாக்கவில்லை. 1947-இல் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி அருகே கணவரோடு காந்திகிராமத்தை நிறுவினார். மகப்பேறு மருத்துவத்திற்கெனச் சிறிய அளவில் தொடங்கிய பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. தாம் தப்பிவந்த பின்கட்டு அறையிலிருந்து பிறரையும் வெளியே அழைத்துவரும் வேலை அது.

1962-ஆம் ஆண்டு இக்குடும்பத்தின் வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் பாடியில் மைந்தர்கள் சுந்தரம் கிளேட்டனுக்கு அடிகோலினர். அவ்வாண்டிலேயே மகள் பத்மபூஷண் விருது பெற்று, திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகி, மத்திய அரசின் கல்வித் துணை அமைச்சரானார். இரண்டையும் காணத் தந்தை இல்லை. காந்திகிராம ஊரக நிறுவனம் 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சௌந்தரம் அம்மையார் 1984 அக்டோபர் 21-ஆம் நாள் காலமானார். அவர் நிறுவிய மருத்துவமனைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தாய்மார்கள் இன்றும் பேருந்தேறிப் பிரசவத்திற்கு வருகின்றனர்.